சீக்கிரமே ரிட்டயர் ஆகிவிட்டீர்களா? வருகைப் பதிவேடு இல்லாத கூட்டங்கள் எத்தனை இருக்கின்றன, தெரியுமா?

2020 ஜனவரி 31, வெள்ளிக்கிழமை. அந்த ஒரே நாளில் பி.எஸ்.என்.எல். அலுவலகங்களுக்கு விடைகொடுத்து வீட்டுக்குப் போனவர்கள் எத்தனை பேர் தெரியுமா? ஏறத்தாழ 78,000 பேர்! அத்தனை பேரும் 50 வயதைத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள், விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தவர்கள். அதற்கு இருபது வருடம் முன்னால், 2000-01இல், பொதுத்துறை வங்கிகள் வி.ஆர்.எஸ். அறிவித்தன. 15 வருட சர்வீஸ் அல்லது 40 வயது, இரண்டில் ஒன்று இருந்தாலே விண்ணப்பிக்கலாம் என்றார்கள். வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்!

சரி, ஓய்வு கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு இவர்கள் எங்கே போவார்கள்?

இங்கேதான் சிக்கல். கூடப் படித்தவர்கள் எல்லாம் இன்னும் வேலையில் இருக்கிறார்கள். மூத்த குடிமக்கள் மன்றத்துக்குப் போகலாம் என்றால், 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி மூத்த குடிமகன் ஆவதற்கே 60 வயது நிரம்ப வேண்டும். 52 வயதுக்காரர் இன்னும் எட்டு வருடம் காத்திருக்க வேண்டும்! போதாக்குறைக்கு, "நீ வீட்ல சும்மாத்தானே இருக்கே" என்று குடும்பத்தின் அத்தனை வேலையும் இவர் தலையில் வந்து விழும். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது, மகளின் அட்மிஷன், தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசம். ஆகவே "ஒவ்வொரு வாரமும் தவறாமல் வரணும்" என்று சொல்கிற எந்த வகுப்பிலும் சங்கத்திலும் இவரால் நிலைக்க முடியாது. முடிந்தபோது வரலாம், வராத வாரம் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள் என்கிற கூட்டம்தான் இவருக்கு வேண்டும்.

அப்படிப்பட்ட கூட்டங்கள் உலகம் முழுக்க இருக்கின்றன! அதைவிட ஆச்சரியம், நெடுநாள் நிலைத்து நிற்பவற்றைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே விதிதான்: நேரம் மாறாது, ஆள் மாறலாம்.

முதலில், ஒரு நட்பு உருவாக எத்தனை மணி நேரம் ஆகும் என்று ஒருவர் கணக்கே போட்டிருக்கிறார், தெரியுமா? அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால். புது ஊருக்குக் குடிபோனவர்களையும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் விசாரித்து 2018இல் ஆய்வை வெளியிட்டார். வெறும் அறிமுகம் ஓரளவு பழக்கமாக ஏறத்தாழ 50 மணி நேரம். அது நட்பாக 90 மணி நேரம். நெருங்கிய நட்பாக 200 மணிக்கும் மேல்! வாரம் இரண்டு மணி நேரம் ஒருவரைச் சந்தித்தால் 50 மணி சேர ஆறு மாதம் ஆகிவிடும். 200 மணி சேர இரண்டு வருடம்! பூங்காவில் புதிதாகப் பழகியவர் மூன்று வாரத்தில் நெருங்கவில்லையே என்று மனம் சோர்ந்து வீட்டிலேயே உட்கார்ந்துவிடுகிறவர்கள் எத்தனையோ பேர். இந்தக் கணக்கை அவர்களுக்கு உரக்கச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது!

இன்னொன்றையும் ஹால் கண்டார். சேர்ந்து வேலை பார்த்த நேரத்துக்கு அவ்வளவு வலு இல்லையாம். சும்மா பேசிச் சிரித்த நேரம், சேர்ந்து விளையாடிய நேரம், அவைதான் நட்பை வளர்த்தன. முப்பது வருடம் பக்கத்து மேசையில் உட்கார்ந்தவர் ஓய்வுக்குப் பிறகு போன்கூடப் பண்ணவில்லையே என்ற வருத்தம் பலருக்கு உண்டு. டீக்கடையில் சேர்ந்து நின்ற ஆள் மட்டும் இன்றைக்கும் தேடி வருகிறார். காரணம் இதுவாக இருக்கலாம்!

நெருங்கிய நட்பு வரும்வரை என்ன செய்வது? கவலையே வேண்டாம். தலையசைத்துவிட்டுப் போகிற அறிமுகங்களுக்கே பெரிய சக்தி இருக்கிறது என்று கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ராமும் எலிசபெத் டன்னும் 2014இல் காட்டினார்கள். ஆய்வில் கலந்துகொண்டவர்கள் கையில் எண்ணும் கருவியை வைத்துக்கொண்டு, யாருடன் பேசினாலும் ஒரு அழுத்து அழுத்தினார்கள். நெருங்கியவர்களுக்கு ஒரு கருவி, அரைகுறை அறிமுகங்களுக்கு வேறொன்று. அறிமுகங்களோடு வழக்கத்தைவிட அதிகம் பேசிய நாளில் மனசும் வழக்கத்தைவிட உற்சாகமாக இருந்தது! பால்காரர், பூக்காரம்மா, நடைப்பயிற்சியில் எதிரே வருகிறவர், எல்லோரும் இந்தக் கணக்கில் அடக்கம்.

இப்போது லண்டனுக்கு வாருங்கள். 2004 அக்டோபர் 2, சனிக்கிழமை. புஷி பார்க் என்ற பூங்காவில் 13 பேர் ஓடினார்கள். ஏற்பாடு செய்தவர் பால் சின்டன்-ஹ்யூவிட். காலில் அடிபட்டு ஓட முடியாமல் இருந்தவர், ஓட்டக்கார நண்பர்களை விட்டுப் பிரியக் கூடாதே என்பதற்காகவே இதைத் தொடங்கினார்! வாரா வாரம் சனிக்கிழமை காலை, 5 கிலோமீட்டர், பைசா கட்டணம் இல்லை. அந்த 13 பேர் ஓட்டம்தான் இன்று 20க்கும் மேற்பட்ட நாடுகளில் நடக்கிற பார்க்ரன்! சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் 2014இலேயே தொடங்கிவிட்டது. பிள்ளைகளைப் பார்க்க அங்கே போகிற நம் ஊர் அம்மா அப்பாக்கள் தாராளமாகப் போய் நடக்கலாம். ஆமாம், நடக்கலாம்! ஓடியே ஆக வேண்டும் என்று இல்லை. எல்லோருக்கும் கடைசியில் வருவதற்கென்றே ஒரு தன்னார்வலரை நியமித்திருக்கிறார்கள். அதாவது, நீங்கள் எவ்வளவு மெதுவாக நடந்தாலும் கடைசி ஆளாக வரவே முடியாது! ஒரே ஒரு முறை பெயரைப் பதிந்து பார்கோடு வாங்கிக்கொண்டால் போதும். அடுத்த வாரம் போனாலும் சரி, அடுத்த வருடம் போனாலும் சரி, அதே பார்கோடு செல்லும். ஓடவும் முடியாது, நடக்கவும் முடியாது என்றால் நேரம் குறிக்கிற வேலையை வாங்கிக்கொள்ளலாம். எத்தனை அக்கறையாக யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்!

மும்பையும் லேசுப்பட்டதல்ல. 1995 மார்ச் 13 காலை, அந்தேரி பக்கம் ஒரு பூங்காவில் ஐந்தே பேரைச் சேர்த்துக்கொண்டு டாக்டர் மதன் கட்டாரியா தொடங்கியதுதான் உலகின் முதல் சிரிப்பு மன்றம்! ஆளுக்கொரு ஜோக் சொல்லிச் சிரித்தார்கள். கொஞ்ச நாளிலேயே ஜோக் எல்லாம் தீர்ந்துவிட்டது. மிஞ்சியவை மனதைப் புண்படுத்துகிற ஜோக்குகள். அத்தோடு கலைந்திருக்க வேண்டிய கூட்டம். அவரோ ஜோக்கே இல்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சும்மாவே சிரிக்கச் சொன்னார். பொய்யாகத் தொடங்கிய சிரிப்பு சற்று நேரத்தில் நிஜமாகவே தொற்றிக்கொண்டது! அந்த வழியில்தான் இன்று உலகெங்கும் சிரிப்பு மன்றங்கள் நடக்கின்றன. மே மாத முதல் ஞாயிறு உலகச் சிரிப்பு தினமாகவே ஆகிவிட்டது.

ஜப்பானில் கூப்பிட ஆள்கூட வேண்டாம், வானொலியே கூப்பிடும்! 1928இல் தொடங்கிய வானொலி உடற்பயிற்சி இன்றைக்கும் காலை 6.30 மணிக்கு ஒலிபரப்பாகிறது. பியானோ இசை கேட்டதும் பூங்காக்களில் கூடியிருப்பவர்கள் ஒன்றாகக் கைகாலை நீட்டி மடக்குகிறார்கள். பத்தே நிமிடம். பிறகு நின்று பேசுவோர் பேசுவார்கள், கிளம்புவோர் கிளம்புவார்கள்.

சீனாவில் ஆலைகளில் வேலை செய்த பெண்களுக்கு ஓய்வு வயது எவ்வளவு தெரியுமா? வெறும் 50! பல பத்தாண்டுகளாக அப்படித்தான் இருந்தது. 2025 ஜனவரியிலிருந்துதான் அதை 55 வரை மெல்ல மெல்ல உயர்த்தத் தொடங்கியிருக்கிறார்கள். 50 வயதில் இத்தனை பெண்கள் ஒரே சமயத்தில் வீட்டுக்கு வந்தால் என்ன ஆகும்? ஊருக்கு ஊர் சதுக்கங்களில் ஒலிபெருக்கியை வைத்து ஆடத் தொடங்கிவிட்டார்கள்! சாயங்காலமானால் வரிசை வரிசையாக நடனம். முன்வரிசையில் அடவு தெரிந்தவர்கள், பின்வரிசையில் இன்றைக்குத்தான் வந்தவர்கள். பின்னால் நின்று பார்த்துப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம். நம் ஊரிலும் வி.ஆர்.எஸ். வாங்கிய பெண்களுக்கு இப்படி ஒரு திறந்தவெளி வேண்டும் என்று எனக்குப் பெரிய ஆசை. ஆண்களுக்காவது டீக்கடை வாசல் இருக்கிறது. ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் சாயங்காலம் அரைமணி நேரம் எங்கே போய் நிற்பார்? வேலையை விட்டதும் முழுநேரச் சமையலறைக்கு மாற்றலாகிவிடுகிற பெண்கள்தான் இங்கே அதிகம்.

அடுத்தது என்னை மிகவும் மயக்கிய விஷயம். பரீட்சை இல்லாத, பட்டம் தராத, சம்பளம் வாங்கும் வாத்தியாரே இல்லாத பல்கலைக்கழகம் ஒன்று இருக்கிறது, தெரியுமா? மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம் என்று பெயர். 1973இல் பிரான்சின் துலூஸ் நகரில் பேராசிரியர் பியர் வெல்லாஸ் தொடங்கியபோது அது நிஜப் பல்கலைக்கழகத்தின் ஒரு கிளைதான். 1982இல் இங்கிலாந்துக்கு வந்ததும் தலைகீழாக மாறியது. வரலாற்றறிஞர் பீட்டர் லாஸ்லெட், மைக்கேல் யங், எரிக் மிட்வின்டர் ஆகிய மூவரும் பேராசிரியர்களே வேண்டாம் என்று முடிவு கட்டினார்கள். நாற்பது வருடம் உழைத்த ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒன்று தெரியும் அல்லவா? தெரிந்தவர் சொல்லிக் கொடுக்கட்டும், மற்றவர்கள் கேட்கட்டும், அடுத்த வாரம் இடம் மாறிக்கொள்ளட்டும்! ஓய்வு பெற்ற எலக்ட்ரீஷியன் வயரிங் சொல்லிக் கொடுத்துவிட்டு, நர்ஸாக இருந்தவரிடம் இத்தாலிய மொழி கற்றுக்கொள்ளலாம். வகுப்புகள் பெரும்பாலும் யாராவது ஒருவர் வீட்டுக் கூடத்தில். இன்று பிரிட்டனில் மட்டும் இப்படி 1,000க்கும் மேற்பட்ட கிளைகள்!

இதில் சேர வயது வரம்பு என்ன என்று கேட்டால் அசந்துபோவீர்கள். வரம்பே கிடையாது! முழுநேர வேலையில் இல்லாதவராக இருந்தால் போதும். 48 வயதில் வேலையை விட்டவருக்கும் கதவு திறந்தே இருக்கிறது. நம் ஊர் மன்றங்கள் பலவும் 60 வயது என்று ஒரு கோடு போட்டு வைத்திருக்கின்றனவே, அவை இந்த ஒரு விதியை மட்டுமாவது எடுத்துக்கொள்ளக் கூடாதா?

ஆஸ்திரேலியாவில் ஆண்களுக்கென்று ஒரு கொட்டகை இயக்கமே நடக்கிறது! 1990களில் தொடங்கியது. விக்டோரியா மாநிலத்தின் டாங்காலா என்ற சிற்றூரில் 1998இல் திறந்த கொட்டகை ஆரம்பகாலத்தவற்றில் ஒன்று. ரம்பம், இழைப்புளி, துளை போடும் இயந்திரம், ஒரு மூலையில் கெட்டிலும் தேநீரும். பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு செய்யலாம், உடைந்த சைக்கிளைச் சரிசெய்யலாம், ஒன்றும் செய்யாமல் டீயும் குடிக்கலாம். ஆண்கள் எதிரெதிரே உட்கார்ந்து மனம் விட்டுப் பேச மாட்டார்கள், தோளோடு தோள் நின்று வேலை செய்யும்போதுதான் பேசுவார்கள் என்பதே அந்த இயக்கத்தின் தாரக மந்திரம். எவ்வளவு உண்மை! "உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று நேரே கேட்டால் "ஒண்ணுமில்லையே" என்றுதான் பதில் வரும். பலகையை இழைத்துக்கொண்டே இருக்கும்போது, "போன வாரம் ஸ்கேன் எடுத்தேன்" என்று தானாக வாயிலிருந்து வரும். இன்று ஆஸ்திரேலியாவில் 1,000க்கும் மேல் கொட்டகைகள். அயர்லாந்து, பிரிட்டன் எல்லாம் பரவிவிட்டது. நெதர்லாந்தில் இதற்கு ஓர் உறவுக்காரர் உண்டு. பத்திரிகையாளர் மார்டினே போஸ்ட்மா 2009 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய ரிப்பேர் கஃபே. பழுதான மிக்சியோடு போனால் சரிசெய்யத் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து உங்களையே சரிசெய்ய வைப்பார். 2015இலேயே பெங்களூருக்கும் வந்துவிட்டது!

கைவேலை வராதா? பாடுங்கள்! 2015இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ராபின் டன்பார் குழுவினர் பிரிட்டனில் வயதுவந்தோர் கல்வி வகுப்புகளை ஏழு மாதம் கவனித்தார்கள். கைவினை வகுப்பு, எழுத்து வகுப்பு, பாட்டு வகுப்பு. கடைசியில் மூன்றிலும் நெருக்கம் வந்தது. ஆனால் பாடியவர்கள் முதல் மாதத்திலேயே நெருங்கிவிட்டார்கள்! ஒருவர் பெயர் ஒருவருக்குச் சரியாகத் தெரியும் முன்பே!

இதைப் படித்ததும் எனக்குத் திருவாசக முற்றோதல்தான் நினைவுக்கு வந்தது. 51 பகுதி, 658 பாடல். காலையில் தொடங்கினால் சாயங்காலம் வரை ஓதுவார்கள். புத்தகம் இல்லாதவருக்குப் பக்கத்தில் இருப்பவர் தன் புத்தகத்தை நகர்த்தி வைப்பார். நடுவில் வரலாம், நடுவில் போகலாம். மதியம் பந்தியில் பக்கத்து இலைக்காரர் எந்த ஊர், என்ன வேலை பார்த்தார் என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும். மாணிக்கவாசகரே அமைச்சுப் பதவியை விட்டு வந்தவர் என்பதை நினைத்துப் பாருங்கள்!

உழவாரப் பணி இன்னொன்று. அப்பர் சிலையில் தோளில் சாய்ந்திருக்கிறதே, அந்தக் கருவிதான் உழவாரம். அவர் கோவில் கோவிலாகப் புல் செதுக்கியதைப் பின்பற்றி, இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் குழு குழுவாகப் போய்ப் பழைய கோவில்களைச் சுத்தம் செய்கிறார்கள். மதில்மேல் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்குவது, பிரகாரம் கூட்டுவது, எண்ணெய்ப் பிசுக்கேறிய விளக்குகளைத் துலக்குவது. துடைப்பத்தோடு யார் போனாலும் வேலை உண்டு. போன மாதம் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்பதில்லை. ஆஸ்திரேலியக் கொட்டகைக்காரர்கள் கண்டுபிடித்த அந்தத் தோளோடு தோள் பேச்சு இங்கே எத்தனை காலமாக நடக்கிறது!

கோவில், பாட்டு எதிலும் நாட்டமில்லையா? கணினியைத் திறங்கள். மதுரைத் திட்டம் தெரியுமா? 1998 பொங்கல் அன்று, சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த கு. கல்யாணசுந்தரம் தொடங்கியது. பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம் என்று வலையில் ஏற்றினார்கள். செய்தவர்கள் பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள்! 2003இல் தமிழ் விக்கிப்பீடியா பிறந்தது. அதை ஆரம்பத்திலிருந்தே வளர்த்தவர்களில் முன்னோடியான இ. மயூரநாதன் இலங்கையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர். ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதியவர். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவில் காத்துவருகிறது. விடியற்காலை மூன்று மணிக்குத் தூக்கம் கலைந்துவிடுகிறதா? ஒரு பக்கம் மெய்ப்புப் பாருங்கள். மறுநாள் யாரோ ஒருவர் நன்றி சொல்லியிருப்பார், அவர் டொரண்டோவில் இருக்கலாம், மட்டக்களப்பில் இருக்கலாம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: இதை மட்டுமே வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டாமல் இருந்துவிடாதீர்கள். பயிலரங்குகள் நடக்கும்போது நேரில் போய் அந்த முகங்களைப் பாருங்கள்.

இன்னும் ஆழமாக எதையாவது செய்ய வேண்டும் என்று தோன்றுகிறவர்கள் கேரளத்தைப் பார்க்க வேண்டும். 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர்கள் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் வலிதணிப்புச் சிகிச்சைக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் அக்கம்பக்கத்தாரே நோயாளியைக் கவனித்துக்கொள்ளும் வலைப்பின்னல். தன்னார்வலரிடம் அவர்கள் கேட்டது எவ்வளவு தெரியுமா? வாரம் இரண்டே மணி நேரம்! 16 மணி நேர வகுப்பும் சில நாள் நேரடிப் பயிற்சியும் தருவார்கள். மருந்து கொடுப்பது டாக்டர், நர்ஸ் வேலை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது, ரேஷன் கடைக்குப் போய்வருவது, குழந்தைகளின் பள்ளிக்கூட விஷயத்தைக் கவனிப்பது இவர்கள் வேலை. வங்கியில் கவுன்டரில் உட்கார்ந்து முப்பது வருடம் மனிதர்களைப் பார்த்த ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை வேறு உண்டா?

சென்னைக்காரர்களுக்கு வேறெந்தப் பெருநகரத்துக்கும் எளிதில் வாய்க்காத ஒன்று வாய்த்திருக்கிறது. ஜனவரி முதல் சில மாதம், பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம். 1988 முதல் கடலாமைப் பாதுகாப்புக்கான மாணவர் வலையமைப்பினர் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏழு கிலோமீட்டர்போல இரவில் நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் பாதுகாக்கிறார்கள். வார இறுதி நடைகளில் பொதுமக்களும் சேர்ந்துகொள்ளலாம். நள்ளிரவையொட்டிக் கிளம்பினால் திரும்ப விடியற்காலை ஆகிவிடும். காலையில் ஆபீஸுக்கு ஓட வேண்டியவர்கள் யோசிப்பார்கள். உங்களுக்கு என்ன தடை? ஆகஸ்டில் இன்னொரு வாய்ப்பு: 1639 ஆகஸ்ட் 22ஐச் சென்னையின் பிறந்தநாளாக வைத்து, 2004 முதல் மெட்ராஸ் தினம் கொண்டாடுகிறார்கள். மயிலாப்பூர், ஜார்ஜ் டவுன் என்று தெருத்தெருவாக நடைகள், பேச்சுகள். தெரியாதவர்களோடு இரண்டு மணி நேரம் நடந்துவிட்டு ஒரு காபியோடு பிரியலாம்.

வேறு ஊர்க்காரர்கள் பக்கத்துக் கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் நடக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள். பேச ஆள் கிடைக்கவில்லையே என்று தவிக்கிற வாசகர் வட்டங்கள் உண்டு. நீங்கள் போய் நின்றால் அடுத்த கூட்டத்தின் பேச்சாளரே நீங்கள்தான்!

இதெல்லாம் பெரிய ஏற்பாடாகத் தெரிகிறதா? அப்படியானால் பொங்கலுக்குக் காத்திருங்கள். 2015 முதல் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் பொங்கலை ஒட்டி நான்கு நாள் பறவைகளை எண்ணுகிறார்கள். எங்கே நின்று எண்ண வேண்டும்? ஏரிக்கரையில் நிற்கலாம், வயல்வரப்பில் நிற்கலாம், மொட்டைமாடியிலும் நிற்கலாம். எவ்வளவு நேரம்? குறைந்தது 15 நிமிடம், அவ்வளவுதான். பார்த்ததை இ-பேர்ட் தளத்தில் பதிந்தால், வேறு ஏதோ ஊரில் எண்ணுகிற ஒருவரின் பட்டியலோடு உங்கள் பட்டியலும் சேர்ந்துகொள்ளும். உங்கள் ஊரில் எண்ணுகிறவர்கள் யார் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும், அடுத்த ஞாயிறு அவர்களோடு ஏரிக்குப் போகலாம். பறவைப் பெயர் நாலைந்துதான் தெரியும் என்று தயங்கவே வேண்டாம். காக்கை, மைனா, புறா, கிளி, எல்லாமே கணக்கில் சேரும்!